மாட்டுச்சாளைக்கு மாவிளக்கு

பஞ்சாயத்து ஆபீசுக்குப் போக நல்ல அகலமான தெரு இருந்தும், பிரசிடெண்ட் பொங்கியண்ணன் ஒரு வருடமாக இட்டாறி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார். இட்டாறி என்றால் இரண்டு காட்டுக்கு நடுவே ஆடுமாடு போகிற சந்து. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, காலுக்கடியில் வேலாமுள். சலவை வேட்டி கட்டிக்கொண்டு அதற்குள் நுழைகிறவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்காவது பயந்திருக்க வேண்டும். பொங்கியண்ணனுக்குக் கிறுக்கெல்லாம் கிடையாது.

அவர் பயந்தது அமராவதிக்கு. காலையில் தெருவில் தலை காட்டினால் போதும், வாசல் கூட்டுகிற சீமாரைக் கீழே போடாமலேயே அந்தப் பெண் கேட்பாள்: "ஏனுங்கண்ணா, பள்ளிக்கொடம் எப்பங்க?" கோபமாகக் கேட்டாலாவது இவரும் பதிலுக்கு எகிறலாம். அவள் சிரித்துக்கொண்டே கேட்பாள். அதற்கு என்ன செய்வது?

கேட்க அவளுக்குப் பாத்தியதை உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகிக்கொண்டு வந்த காலம். ராயபுரத்தில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்து மாளாதவர்கள் ஊரைச் சுற்றி இடம் தேடினார்கள். ஊஞ்சக்காட்டுப்புதூர் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். பொங்கியண்ணனுக்கோ கிணறு வற்றி, கள்ளிமேட்டுக் காட்டில் பருத்தி பொய்த்த வருடம். காட்டை அளந்து, கல் நட்டு, சைட் போட்டு விற்றுவிட்டார். வெள்ளகோவில், கொமரலிங்கம், மதுரைப் பக்கம் என்று பல ஊர் ஆட்கள் வந்து வீடு கட்டினார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மூலையில் விட்டிருந்த காலி இடத்தைக் காட்டி, "இது பள்ளிக்கொடத்துக்குங்க. உங்க கொழந்தைங்க ரோட்டத் தாண்ட வேண்டியதில்ல" என்று வெற்றிலை பாக்குத் தட்டைத் தொட்டுச் சொன்னார். கொமரலிங்கத்துத் தறியை விற்றுவிட்டு வந்திருந்த அர்த்தநாரி, கிணறு இருக்கிற வேறு இடத்தைத்தான் வாங்குவதாக இருந்தான். அவன் மனைவி அமராவதி அந்த மூலையைப் பார்த்துவிட்டு, "தண்ணிய நான் சொமந்துக்கறேன், இங்கயே வாங்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

மூலை இன்னும் மூலையாகவே கிடந்தது. சலவைப் பட்டறைக்காரன் ஒருவன் வெளுத்த பனியன் துணியை அங்கே நீளநீளமாகக் காயப்போட்டான். வெயிலில் அந்தப் பக்கம் திரும்பினால் கண் கூசும். உள்ளூரில் இருந்த பழைய பள்ளிக்கூடம் ஒரே அறை. சிவசுப்பிரமணியம் வாத்தியார் ஒரு ஆளாக ஐந்தாவது வரைக்கும் எல்லா வகுப்பையும் வைத்துக்கொண்டு, பெரியவர்களைப் புளியமரத்தடிக்குத் துரத்திவிட்டுச் சின்னவர்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பார். போன ஆனியில் அமராவதி தன் மகள் சாரதாமணியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது வாத்தியார் கையைத்தான் விரித்தார். "ஒக்கார எடமில்லீங்கம்மா. அடுத்த வருசம் பாக்கலாம்."

அந்த அடுத்த வருடம் இதோ வந்துவிட்டது. கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கச் சின்னப் பிள்ளைகளாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரிக்கு மனசில்லைதான். ஆனாலும் பகலெல்லாம் தெருப் புழுதியில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்துவிட்டு, "எங்கூடவே வரட்டும். என் மிசின் பக்கத்துலயே நிக்கட்டும்" என்று ஆரம்பித்துவிட்டான். அமராவதி ஒரே வார்த்தையில் தவணை கேட்டாள். "பள்ளிக்கொடந் தெறக்கற வரைக்கும் பொறுங்க. அன்னைக்கும் எடமில்லைன்னா உங்க இஷ்டம்."

பொங்கியண்ணன் சும்மா இருந்துவிடவில்லை, பாவம். பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு நடந்து நடந்து, இரண்டு அறைக் கட்டடத்துக்கும் இன்னொரு வாத்தியாருக்கும் உத்தரவு வாங்கிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. பஞ்சாயத்து தன் பங்கைச் சித்திரைக்குள் கட்ட வேண்டும். கட்டினால் கட்டடம் எழும்புகிற வரைக்கும் ஓலைக் கொட்டகையில் வகுப்பு நடத்த வாத்தியாரை உடனே போட்டுவிடுவார்கள். கட்டாவிட்டால் அந்த உத்தரவு பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

பங்குக்கு எங்கே போவது? புளியமரத்தை ஏலம் விட்டார். அந்த வருடம் பார்த்துக் காய் சுண்டிப்போயிருந்தது. குட்டையில் மீன் ஏலம் விடலாமென்றால் குட்டையில் பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். டூரிங் கொட்டகைக்காரன் தரவேண்டிய கேளிக்கை வரியை நம்பியிருந்தார். அவன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். ஒரு பனியன் முதலாளியிடம் நன்கொடை கேட்டுப் போனார். அவர் காப்பி வாங்கிக் கொடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு கட்டுப் பனியன் கொடுத்தனுப்பினார். அத்தனையும் பெரிய ஆள் அளவு.

மிச்சமிருந்தது வீட்டு வரி. அதைக் கேட்டுக் கிளார்க் லிங்கசாமி சைட்டுக்குப் போனால், "பள்ளிக்கொடத்தக் காட்டுங்க, வரியக் கட்டறோம்" என்றார்கள். உள்ளூருக்குள் போனால், "சைட்டுக்காரம் பிள்ளை படிக்கறதுக்கு நாங்க எதுக்குங்க கட்டோணும்?" என்றார்கள். லிங்கசாமி பையைத் தூக்கிக்கொண்டு போனது போலவே திரும்பி வந்தான்.

இந்தச் சமயத்தில்தான் மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டினார்கள். கம்பம் நட்டார்கள். பொழுதானால் பறையடித்துக் கம்பத்தைச் சுற்றி ஆடுகிற சத்தம் சைட் வரைக்கும் கேட்டது. நோம்பி, அதாவது திருவிழாக் காரியமெல்லாம் ஊர்க் கொத்துக்காரர் கந்தப்பன் பொறுப்பு. அவர் தோளில் துண்டோடு தலைக்கட்டு வரி வாங்க வீடு வீடாகப் போனார். உள்ளூரில் எந்த வீட்டிலும் ஒரு தரத்துக்கு மேல் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கடைசி வீட்டில் வாங்கி முடித்து, சைட் ஆரம்பிக்கிற வேப்பமரத்தடியில் நின்று ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார். வழக்கம் அதுதான். வரி கொடுப்பது ஊர்த் தலைக்கட்டு. வந்து குடியேறினவர்கள் வேடிக்கை பார்க்கலாம், பொரி வாங்கித் தின்னலாம்.

மறுநாள் பிரசிடெண்டின் மனைவி பூவாத்தாள் சந்தகை பிழிந்துகொண்டிருந்தாள். அது ஒரு ஆள் வேலையில்லை. மரத்தை அழுத்த ஒருத்தி, கீழே தட்டுப் பிடிக்க ஒருத்தி வேண்டும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட நேரத்தில், பிசிறு வெட்டுவதற்கான பனியன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அமராவதி வந்து நின்றாள். உள்ளே அறையிலிருந்த பொங்கியண்ணன் குரல் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"வா அம்மிணி, சாமி அனுப்புன மாதர வந்த. மூட்டைய எறக்கி வெச்சுட்டு இதச் சித்த அழுத்து. அண்ணன் ஊட்ல இல்ல."

"இருக்கட்டுங்கக்கா. நான் இன்னைக்குப் பள்ளிக்கொடத்தப் பத்திக் கேக்க வல்ல." அமராவதி மூட்டையை இறக்கிவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு மரத்தைப் பிடித்தாள். சூடான மாவு நூலாக இறங்கியது. "கொத்துக்காரரு எங்க தெருமொனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டாருங்க. பொறகாலயே ஓடுனனுங்க. அய்யா, எங்கூட்டு வரியையும் வாங்கிக்கங்கன்னு நீட்டுனனுங்க. தொடக்கூட இல்லீங்க."

பூவாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மிணி, ஊட்டு வரி கேட்டு லிங்கசாமி வந்தா கதவச் சாத்திக்கறீங்க. நோம்பி வரின்னா தொரத்திட்டு ஓடறீங்களாக்கும்?"

"அது வேற, இது வேறங்கக்கா."

"என்ன வேற? ரெண்டும் காசுதானே?"

அமராவதி மரத்தை விட்டுவிட்டு நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "ஊட்டு வரி கட்டுனா எனக்கு என்னங்க வந்துச்சு, ஒரு காயிதம். நோம்பி வரி கட்டுனா நானும் இந்த ஊருக்காரி. கொமரலிங்கத்துல வருசந் தவறாம மாவெளக்கு எடுத்தவங்க நானு. இங்க வந்த பொறவு, நீங்கெல்லாம் வெளக்கோட போறத வேலிக்கு அக்கட்டால நின்னு பாத்துட்டு ஊட்டுக்குப் போயிர்றேன். அன்னைக்குச் சோறு எறங்கறதில்லீங்கக்கா. ஊடு கட்டி, கெணறில்லாத எடத்துல தண்ணி சொமந்து, இன்னும் நான் விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்டத்தான இருக்கறேன்?"

பூவாத்தாள் தட்டைக் கீழே வைத்தாள். அவளும் வேறு ஊரிலிருந்து வந்தவள்தான். தாலி கட்டி வந்ததால் அன்றைக்கே ஊர்க்காரி ஆகிவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். அமராவதிக்கு ஒரு தட்டுச் சந்தகையில் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அமராவதியின் தலை மறைந்ததும் பொங்கியண்ணன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"கேட்டீங்களா?" என்றாள் பூவாத்தாள்.

"காது இருக்குதில்ல."

"காது மட்டும் இருந்து என்ன பண்றது? ஊரெல்லாம் சுத்தித் தேடறீங்க, ஊட்டுக்குள்ளயே வந்து சொல்லிட்டுப் போறா. ஊட்டு வரி கட்டுனவங்கதான் ஊர்த் தலைக்கட்டுன்னு ஆக்கிப் போடுங்க. சைட்டுக்காரிக அத்தன பேரும் மாவெளக்குத் தட்டோட வந்து வரியக் கட்டுவாளுக."

பொங்கியண்ணன் மாடத்திலிருந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தெரு வழியாக நடந்தார்.

ஊர்க்கூட்டம் கோயில் முன்னால் கூடியது. விஷயத்தைக் கேட்டதும் கந்தப்பன் எகிறிவிட்டார்.

"என்ன மாப்பள பேசற நீயி? நேத்து வந்தவனும் தலைக்கட்டு, நாலு தலமொறையா இருக்கறவனும் தலைக்கட்டா?"

"கட்டுனவந் தலைக்கட்டுங்க மாமா. அடுப்பெரியற ஊடு எல்லாம் ஊடுதான். இல்லைங்கறீங்களா?"

"அவுனுக ஊட்டு வரியே கட்ட மாட்டீங்கறானுகளே."

"கட்டலைன்னா உள்ள உடாதீங்க. உங்களுக்கு நல்லதுதானுங்களே?"

கந்தப்பன் யோசித்தார். சைட்டுக்காரனாவது வரி கட்டுவதாவது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. இந்த வழியில் அவர்களைச் சட்டப்படியே வெளியில் நிறுத்திவிடலாமே என்று தோன்றியதும் முகம் தெளிந்தது. "செரி. ஆனா பேச்சு மாறக் கூடாது. மாவெளக்கன்னைக்கு ரசீது காட்டுனாத்தான் உள்ள. ரசீது இல்லைன்னா ஆரா இருந்தாலும் வெளியூருக்காரன்."

பொங்கியண்ணனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து நின்று, "ஆரா இருந்தாலுமுங்க மாமா! எங்க ஊடா இருந்தாலும், உங்க ஊடா இருந்தாலும்! இது அம்மன் சன்னதி" என்று கையை ஓங்கிச் சொன்னார். பறை அடிப்பவன் அதை அப்படியே ஊரெல்லாம் சாற்றினான்.

அடுத்த நாள் லிங்கசாமி ஆபீஸ் கதவைத் திறப்பதற்குள் சைட்டே அங்கு நின்றது. கம்பெனிக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திய ஆண்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள், தலைமுடியெல்லாம் பஞ்சோடு ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள். ஓவர்டைம் காசை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த அர்த்தநாரி ரசீதை வாங்கி மனைவி கையிலேயே கொடுத்துவிட்டான். சர்ச்சுக்குப் போகிற சூசையும் வரிசையில் நின்றிருந்தார். லிங்கசாமி ஆச்சரியமாகப் பார்த்ததற்கு, "கோயிலுக்கு நாங்க வர்றதில்லீங்க. ஊருக்கு வர்றமுங்க" என்று சொல்லிவிட்டு ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பங்கில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மீதி உள்ளூரிலிருந்து வர வேண்டும். உள்ளூர் ஆட்கள் அசையவில்லை. தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்களிடம் கோயில் வாசலில் ரசீது கேட்கிற தைரியம் யாருக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டு பொரிகடலை வாங்கப் போய்விட்டார்கள். சித்திரை முடிய அதிக நாளில்லை. பொங்கியண்ணன் மறுபடியும் இட்டாறிப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்.

மாவிளக்கு நாள் வந்தது. பச்சரிசி மாவு இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி செய்து, நெய்யூற்றித் திரியேற்றிய தட்டுகளோடு பெண்கள் வரிசை கட்டினார்கள். சுள்ளென்று வெயில். கோயில் வாசலில் கந்தப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு எழுத்து தெரியாது என்பதால் ரசீதைப் படிக்க வாத்தியாரைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். சைட்டுக்காரிகளை முதலில் விட்டுத் தொலைத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அமராவதிதான் முன்னால் நின்றாள். தட்டு ஒரு கையில், சாரதாமணியின் கை மறு கையில். ரசீது தாலிச் சரட்டோடு செருகியிருந்தது.

வாத்தியார் வகுப்பில் படிப்பது போலவே உரக்கப் படித்தார். "அர்த்தநாரி. ஓட்டு வில்லை வீடு ஒன்று."

கந்தப்பன் வேண்டாவெறுப்பாகத் தலையசைத்தார். ஆனால் அமராவதி உள்ளே போகவில்லை. வாசற்படியில் ஒதுங்கி நின்று, "அக்கா வரட்டுங்க. அவங்க கூடப் போறனுங்க" என்றாள்.

அடுத்து பிரசிடெண்ட் வீடு. பூவாத்தாள் பெருமையாக ரசீதை நீட்டினாள். வருடா வருடம் தவறாமல் கட்டுகிற வீடாயிற்றே.

வாத்தியார் படித்தார். "பொங்கியண்ணன். மாட்டுச்சாளை ஒன்று."

பறை நின்றுபோனது. பொங்கியண்ணனுக்கு வேர்த்துவிட்டது. ஓட்டு வில்லை வீடு கட்டிக் குடிபோய் ஆறேழு வருடமாகியும், அந்த இடத்தில் முன்பு மாடு கட்ட நின்ற சாளைக்குத்தான் அவர் இன்னும் வரி கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் செய்கிற காரியம் அது. கட்டுகிற வரி குறைச்சலாக இருக்க வேண்டுமென்பதைத் தவிர வேறெதையும் அவர் யோசித்ததே இல்லை.

கந்தப்பனின் மீசை சிரித்தது. "மாப்பள, மாட்டுச்சாளைக்கு வரி கட்டுனா மாவெளக்கு மாடுதான் எடுக்கோணும். போயி ஓட்டியா."

சைட்டும் உள்ளூரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பூவாத்தாள் புருஷனைப் பார்த்த பார்வையில் கம்பமே கருகியிருக்கும். "ஊருக்கெல்லாஞ் சட்டஞ் சொன்னீங்களே, உங்கூடு எதுன்னு பாத்தீங்களா? வெளக்கு எரியறதுக்குள்ள போயி ஊட்டுக்கு வரியக் கட்டிட்டு வாங்க. இல்லைன்னா நான் எங்கம்மா ஊட்டுக்கே போயி மாவெளக்கு எடுத்துக்கறேன்."

"ஆபீசு பூட்டியிருக்குமே புள்ளே."

"லிங்கசாமி அந்தா பொரி தின்னுட்டு நிக்கறான் பாருங்க."

பொங்கியண்ணன் லிங்கசாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கந்தப்பன் அந்த வேடிக்கையை ஆற அமர ரசித்துக்கொண்டிருக்கும்போது, அவர் மனைவி சுப்பாத்தாள் வரிசையிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, நம்மூட்டு ரசீது எங்கைங்க?"

கந்தப்பன் திரும்பினார். அவருடையது மச்சு வீடு. மாட்டுச்சாளை வரிகூட அவர் கட்டி யாரும் பார்த்ததில்லை.

"நீ போ புள்ளே உள்ள. கொத்துக்காரன் ஊட்டுக்கு என்ன ரசீது?"

சுப்பாத்தாள் நகரவில்லை. "ஆரா இருந்தாலும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அம்மன் சன்னதீல சொன்ன பேச்ச மாத்திட்டு நான் படியேற மாட்டேன். பேரன் பேத்திக்கு அம்மை போட்டா ஆரு பாக்கறது?"

அவள் பின்னால் நின்ற உள்ளூர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் புருஷனைத் தேட ஆரம்பித்தார்கள். நெய் இறங்கிக்கொண்டிருந்தது. திரி அணைந்தால் வீட்டுக்கு ஆகாது. அமராவதி படியிலிருந்து இறங்கி வந்து, தன் தூக்குப்போசியிலிருந்த மிச்ச நெய்யைப் பூவாத்தாள் விளக்கில் ஊற்றினாள், பிறகு சுப்பாத்தாள் விளக்கில் ஊற்றினாள். "நீங்க பதறாதீங்கம்மா. அவங்க வர்ற வரைக்கும் நாங்க பாத்துக்கறமுங்க." மற்ற சைட்டுப் பெண்களும் அப்படியே செய்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை. வெயிலில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, தெருவில் ஆண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊர் ஆம்பிளைகள் அப்படி ஓடி அதற்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. புது வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வழியில் பொரிக்கடையில் கடன் வாங்கிக்கொண்டு, ஆபீஸ் வாசலில் முண்டியடித்தார்கள். சாளையெல்லாம் வீடாயிற்று. வீடெல்லாம் மச்சாயிற்று. கந்தப்பன் கடைசியாகப் போய் முதலில் வாங்கப் பார்த்தார். "வரிசையில வாங்க மாமா" என்று பொங்கியண்ணன் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினார்.

வாத்தியார் எல்லா ரசீதையும் பொறுமையாகப் படித்து முடித்தார். பறை மறுபடியும் எழுந்தது. பூவாத்தாளும் சுப்பாத்தாளும் அமராவதியை நடுவில் விட்டுக்கொண்டு படியேறினார்கள். உள்ளே விளக்கை இறக்கி வைத்தபோது அமராவதி அழுதுவிட்டாள். சாரதாமணி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கு அணைந்ததும் அந்த வெல்ல மாவு யாருக்கு என்பதில்தான் அவளுக்குக் கவலை.

சித்திரை முடிவதற்குள் பங்கு கட்டியாயிற்று. சலவைப் பட்டறைக்காரன் துணியைச் சுருட்டிக்கொண்டு வேறு மேடு தேடிப் போனான். பள்ளிக்கூடம் திறந்த அன்று மூலையில் ஓலைக் கொட்டகை நின்றது. பக்கத்தில் அஸ்திவாரக் குழியில் கல் இறங்கிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த டீச்சர் பெயர் கூப்பிட்டபோது, சாரதாமணி முழங்காலுக்குக் கீழே தொங்கிய ஒரு பெரிய பனியனோடு எழுந்து நின்று, "உள்ளேனுங்க டீச்சர்" என்றாள். முதலாளி கொடுத்த கட்டு அப்படியாவது உபயோகப்பட்டது. அர்த்தநாரி கம்பெனிக்குத் தனியாகவே சைக்கிளை மிதித்தான். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

பொங்கியண்ணன் சலவை வேட்டியோடு தெரு நடுவில் நடந்து வந்தார். அன்று பார்த்து மீசையைக்கூட முறுக்கியிருந்தார். அமராவதி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். அவராகவே நின்றார்.

"என்னம்மிணி, பள்ளிக்கொடம் வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கண்ணா. நீங்க நெம்ப நல்லா இருக்கோணும்" என்று அமராவதி சீமாரைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். பொங்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, இரண்டு எட்டு எடுத்து வைத்திருப்பார்.

"ஏனுங்கண்ணா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பினார். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"அஞ்சாவதுக்கு மேல எப்பங்க?"

மறுநாள் காலையில் பூவாத்தாள் வாசலுக்கு வந்து பார்த்தபோது, இட்டாறிக்குள் ஒரு வெள்ளை வேட்டி முள்ளை விலக்கி விலக்கிப் போய்க்கொண்டிருந்தது.